பெடல்போர்டா, பவர் சப்ளையா: காசை முதலில் எதில் போடுவது?

அக்கா மகன் பாளையங்கோட்டையில் ஒரு சர்ச் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கிறான். இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இப்போது ஆறு பெடல்கள் (காலால் மிதித்துக் கிட்டாரின் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டிகள்) வைத்திருக்கிறான்: பாஸ் (Boss) டியூ-3 ட்யூனர், க்ரை பேபி வா-வா, ஐபனெஸ் டிஎஸ்9 ஓவர்டிரைவ், பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன், டிடி-8 டிலே, ஆர்வி-6 ரிவர்ப். ஞாயிறு காலை ஆராதனைக்கு அரைமணி முன்னால் போய், ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பி, ஒயர் மாட்டி, முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வருவான். போன மாதம் ஃபோன் செய்தான். "மாமா, ரெடிமேட் பெடல்ட்ரெய்ன் போர்டு வாங்கிரலாமா, இல்ல நம்ம ஊர் ஆசாரிகிட்ட சொல்லி ஒரு போர்டு அடிச்சுக்கலாமா?"

"கரண்ட் எப்படிக் குடுக்கப் போற?" என்று கேட்டேன்.

"அதான் ஒரு அடாப்டரும் எட்டு வால் ஒயரும் இருக்கே" என்றான்.

பலகைக்குப் பத்து நாள் யோசித்தவன் கரண்டுக்குப் பத்து வினாடி யோசிக்கவில்லை. எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம், நானும் அப்படித்தான். பலகை கண்ணுக்குத் தெரியும், ஃபோட்டோ எடுத்துப் போடலாம். பவர் சப்ளை அதன் அடியில் இருட்டில் கிடக்கும். ஆனால் மட்டமான பலகையால் சத்தம் கெட்டு நான் பார்த்ததில்லை. மட்டமான சப்ளையால் கெட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் வரிசையை மாற்றி, முதலில் சப்ளையைப் பார்ப்போம்.

அதற்கும் முன்னால் கூட்டல் கணக்கு ஒன்று. டிஎஸ்-1 இழுப்பது 4 மில்லி ஆம்பியர் அளவுதான். டிஎஸ்9 பத்துக்குள் அடங்கும், வா-வா ஒன்றோ இரண்டோ. ட்யூனர் சாதாரணமாக 30, பளிச்சென்ற வெளிச்சத்தில் வைத்தால் 85. டிலே 65, ரிவர்ப் 95. எல்லாவற்றையும் கூட்டினால் 260 சொச்சம். பாஸ் கம்பெனியின் சாதாரண பிஎஸ்ஏ அடாப்டரே 500 மில்லி ஆம்பியர் கொடுக்கும். ட்ரூடோன் ஒன் ஸ்பாட் 1700 கொடுக்கும். ஆக, கரண்ட் போதுமா என்ற கேள்வியில் அவனுடைய எட்டு வால் ஒயர் சுலபமாகப் பாஸ். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு: "1700 மில்லி ஆம்பியர் அடாப்டரை 4 மில்லி ஆம்பியர் பெடலில் மாட்டினால் எரிந்துவிடாதா?" எரியாது. மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஆம்பியர். தொட்டி பெரிதாக இருப்பதால் குழாய் உடையாது, திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால்தான் குழாய்க்கு ஆபத்து. அதனால் வோல்ட் சரியாக இருக்க வேண்டும், ஆம்பியர் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் நல்லது. கூடவே முனையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் பழைய கீபோர்டு அடாப்டரோ மோடம் அடாப்டரோ நடுமுனை பாசிட்டிவாக இருக்கலாம். ஓட்டையில் சரியாகப் பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள்.

சரி, டெய்சி செயின் எனப்படும் அந்த எட்டு வால் ஒயருக்கு வருவோம். ஒரே 9 வோல்ட்டை எல்லாப் பெடலுக்கும் பங்குபோடுகிறது, அவ்வளவுதான். இதில் இரண்டு தொல்லை. பெடல்கள் ஏற்கெனவே பேட்ச் கேபிளின் (பெடலையும் பெடலையும் இணைக்கும் குட்டிக் கேபிள்) ஷீல்டு வழியாக ஒன்றோடொன்று கிரவுண்டில் (எல்லாவற்றுக்கும் பொதுவான மின் இணைப்பு) இணைந்திருக்கின்றன. டெய்சி செயின் அதே கிரவுண்டை இரண்டாவது வழியாகவும் இணைக்கிறது. ஒரு வளையம் உண்டாகிவிட்டது. சுற்றிலும் உள்ள மின்காந்த அலைகளுக்கு அந்த வளையம் ஆண்டெனா மாதிரி. இரண்டாவது தொல்லை டிஜிட்டல் பெடல்கள். டிலேயும் ரிவர்பும் உள்ளே சின்னக் கம்ப்யூட்டர்கள். அவற்றின் கடிகாரத் துடிப்பு பவர் ஒயர் வழியாகவே வெளியே கசிந்து, பக்கத்தில் இருக்கும் டிஸ்டார்ஷனுக்குள் போகும். டிஎஸ்-1 என்ன செய்யும்? எது வந்தாலும் பல மடங்கு பெரிதாக்குவதுதானே அதன் தொழில். கொசு காதோரம் பாடுகிற மாதிரி "கீ..." என்று மெல்லிய சத்தம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும். டிஸ்டார்ஷனை அணைத்தால் நின்றுவிடும். அணைக்காமல் வாசிப்பதற்காகத்தானே அதை வாங்கினோம்.

இதை வைத்து டெய்சி செயினைத் திட்டத் தேவையில்லை. மூன்று நான்கு அனலாக் பெடல், கெயின் (பெரிதாக்கும் அளவு) குறைவு, டிஜிட்டல் ஒன்றுமில்லை என்றால் ஆண்டுக்கணக்கில் ஒரு புகாரும் இல்லாமல் ஓடும். அக்கா மகனுடைய ஆறிலும் இடைக்கால வைத்தியம் ஒன்று உண்டு: இரண்டு அடாப்டர். அனலாக் பெடல்களுக்கு ஒன்று, ட்யூனர், டிலே, ரிவர்ப் மூன்றுக்கும் இன்னொன்று. இதிலேயே கொசு பாதிக்கு மேல் ஓடிவிடும். கையில் பணம் சேரும்வரை இது போதும்.

டெய்சி செயினில் தொடவே கூடாத ஒன்று பழைய பாணி ஜெர்மேனியம் ஃபஸ் (கரகரப்பான டிஸ்டார்ஷன் வகை). பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் ஃபேஸ் வகைகளில் கிரவுண்டு பாசிட்டிவ் பக்கம் இருக்கும். மற்ற பெடல்களோடு ஒரே ஒயரில் மாட்டினால் சப்ளையே ஷார்ட் ஆகும். அதற்குப் பேட்டரி அல்லது தனியாகப் பிரிந்த அவுட்லெட்தான் வழி.

பேட்டரி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சத்தமே இல்லாத சுத்தமான மின்சாரம் அதுதான். 500 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி டிஎஸ்-1-இல் நூறு மணி நேரத்துக்கு மேல் வரும். அதையே டிலேயில் போட்டால் கணக்குப்படி எட்டு மணி நேரம்கூட வராது, நடுப்பாட்டில் படுத்துவிடும். இன்புட் ஜாக்கில் கேபிளை மாட்டி வைத்தாலே பெடல் ஆன் ஆகிவிடும் என்பதை மறந்து இரவெல்லாம் அப்படியே விட்டு, காலையில் செத்த பேட்டரியோடு நின்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரே ஒரு பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக்கு. ஆம்பில் சத்தம் வரும்போது டிஸ்டார்ஷன் பெடலின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரி போட்டுப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி சப்ளை. போகவில்லை என்றால் கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறையுங்கள். அப்போது போய்விட்டால் அது பிக்கப் (கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தச் சுருள்) இழுக்கும் சத்தம். சிங்கிள் காயில் கிட்டாரோடு மேடையின் எல்இடி விளக்குப் பக்கம் திரும்பினால் உறுமும், அந்தப் பக்கம் திரும்பினால் அடங்கும். எத்தனை ஆயிரத்துக்குச் சப்ளை வாங்கினாலும் அது தீராது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் சப்ளை வாங்க வேண்டாம்.

அடுத்தது, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பத்து ஓட்டைப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கும், நீல விளக்கு எரியும், 9, 12, 18 வோல்ட் எல்லாம் இருக்கும். நான் முதலில் வாங்கியதும் இந்த வகைதான். அட்டைப் பெட்டியில் "ஐசொலேட்டட்", அதாவது ஒவ்வொரு அவுட்லெட்டும் தனித்தனி, என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாட்டினேன், கொசு அப்படியே இருந்தது. அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மல்ட்டிமீட்டரை எடுத்து ஒரு வேலை செய்தேன். அதை நீங்களும் செய்யலாம். சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், பெடல் எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. மீட்டரை பீப் சத்தம் வரும் கன்டினியுட்டியில் வையுங்கள். இரண்டு வெவ்வேறு அவுட்லெட் ஒயர்களின் நடுத்துளையில் ஆளுக்கொரு முனையை வையுங்கள். பீப் என்றால் இரண்டின் கிரவுண்டும் உள்ளே ஒன்றுதான். அழகான பெட்டிக்குள் வைத்த டெய்சி செயினைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். என்னுடையது பத்து ஓட்டைக்கும் பீப் அடித்தது.

அதற்காக அந்தப் பெட்டிகள் வீண் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் தனி ஷார்ட் பாதுகாப்பு இருந்தால் ஒரு பெடல் பழுதானால் மற்றவை நிற்காது. ஒயர் ஒழுங்காக இருக்கும். ஆனால் சத்தத்துக்காக வாங்குவதாக இருந்தால் டெய்சி செயினிலிருந்து இதற்கு மாறுவதில் ஒன்றும் கிடைக்காது. டெய்சி செயினோடு இருந்துவிட்டு, அந்தப் பணத்தை அடுத்த படிக்குச் சேர்ப்பது மேல்.

அடுத்த படி என்றால் நிஜமாகவே பிரிந்த அவுட்லெட்டுகள். ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் தனிச் சுற்று, அல்லது தனி கன்வெர்ட்டர். ஒரு பெடலின் அழுக்கு இன்னொன்றுக்குப் போக மின்சார வழியே இல்லை. இதில் இரண்டு குடும்பம். ஊடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் பழைய குடும்பம்: டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர், கனம், எட்டு அவுட்லெட். அதில் இரண்டு அவுட்லெட்டில் வோல்ட்டை வேண்டுமென்றே குறைத்து, தீர்ந்துபோகும் பேட்டரி மாதிரி ஃபஸ்ஸைப் பாடவைக்கும் வசதிகூட உண்டு. புதிய குடும்பம் ஸ்விட்சிங் வகை. ஸ்ட்ரைமன் ஜூமாவில் ஒன்பது அவுட்லெட், ஒவ்வொன்றும் 500 மில்லி ஆம்பியர். சியாக்ஸ் டிசி7-இல் ஏழு, ஒவ்வொன்றும் 9 வோல்ட்டில் 660. உயரம் ஒரே அங்குலம்.

எது மேல்? அவனுடைய ஆறு பெடலுக்கு இரண்டுமே போதும், ஏனென்றால் எதுவும் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டவில்லை. நாளைக்கு ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை மாதிரி 300 கேட்கும் பெடல் வரும் என்றால் 100 மில்லி ஆம்பியர் அவுட்லெட் தாங்காது. டிஜிட்டல் பெடலுக்குக் கரண்ட் குறைந்தால் சத்தம் மட்டும் கெடாது. விளக்கு மினுக்கி மினுக்கி மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.  அப்படிப்பட்ட பெரிய டிஜிட்டல் பெடலுக்கு ஆசை இருப்பவர்கள் புதிய குடும்பத்துக்குப் போவது நல்லது.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம். அமெரிக்காவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் டிரான்ஸ்ஃபார்மர் வகைச் சப்ளையை வாங்கிவரச் சொல்லும் முன் அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் மாட்டிய நிமிடமே புகைதான். 100-240 என்றிருந்தால் கவலையில்லை. கோயில் கொடைக்கு ஜெனரேட்டரில் வாசிப்பவர்களுக்கும் 100-240 வகைதான் கொஞ்சம் நிம்மதி; ஜெனரேட்டர்காரர் ஆக்சிலரேட்டரை முறுக்குவதைப் பொறுத்து வோல்ட் ஏறி இறங்கும். ஆனால் ஒன்று: மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடித்தால் அதைப் பெடல் சப்ளை தீர்க்காது. அது மேடையின் எர்த் கோளாறு. சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்யாமல் வாசிக்கவே வேண்டாம்.

பழைய பாஸ் பெடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. அடாப்டர் ஓட்டைப் பக்கம் பிஎஸ்ஏ என்பதற்குப் பதில் ஏசிஏ என்று எழுதியிருந்தால், அந்தப் பெடல் இன்னும் கூடுதல் வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்தது. டெய்சி செயினில் மற்ற பெடல்களின் கிரவுண்டு வழியாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஐசொலேட்டட் அவுட்லெட்டுக்கு மாற்றியதும் விளக்கு மங்கி, சத்தம் சோர்ந்துவிடும். புதுச் சப்ளை பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். 12 வோல்ட் அவுட்லெட் இருந்தால் அதில் மாட்டலாம்.

கரண்ட் கட்டுக்குப் பயந்து பவர் பேங்க்கில் ஓட்ட நினைப்பவர்களும் உண்டு. ஒரு டிரிகர் கேபிள் வாங்கினால் யூஎஸ்பி-சி பிடி பவர் பேங்க்கிலிருந்து 9 வோல்ட் எடுக்கலாம். வெளியிடத்தில் வாசிப்பதற்கு அருமை, எர்த் பிரச்சினையே இல்லை. ஆனால் அதில் டெய்சி செயின் போட்டால் பழைய கொசு திரும்ப வரும். கேபிள் 9 வோல்ட்டுக்கானதா என்பதை மீட்டரில் பார்க்காமல் பெடலில் செருகாதீர்கள். 12, 20 வோல்ட் கேபிள்களும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும்.

இனி பலகை. முதலில் அளவு. பாஸ் பெடல் ஒன்று 73 மில்லிமீட்டர் அகலம், 129 நீளம். பேட்ச் கேபிள் பின்னுக்கு இடையில் 25 மில்லிமீட்டராவது வேண்டும். பெடலின் அகலத்தை மட்டும் கணக்குப் போட்டு ஏமாறாதவர்கள் குறைவு. பெடல்ட்ரெய்ன் நானோ 14 அங்குலம். மூன்று பாஸ் பெடல் தாராளமாக உட்காரும், தட்டையான பின் போட்டு இறுக்கினால் நான்கு. ஆறு பெடலை ஒரே வரிசையில் வைக்க 24 அங்குலம் வேண்டும். இரண்டு வரிசை என்றால் 18க்கு 12.5 அங்குல கிளாசிக் ஜூனியரில் வலது ஓரம் வா-வா, மேலே மூன்று, கீழே இரண்டு என்று அடங்கிவிடும். வீட்டில் தரையில் நியூஸ்பேப்பரை அந்த அளவுக்கு வெட்டிப் போட்டு, பெடலையும் கேபிளையும் அடுக்கிப் பாருங்கள். காலால் மிதித்தும் பாருங்கள். ஷூ போட்டு வாசிப்பவர்கள் ஷூவோடு.

பெடல்ட்ரெய்னின் நல்ல குணம் எடை குறைவு, தண்டவாளம் மாதிரி இடைவெளி, அதற்கேற்ற பை. அடியில் சப்ளையை மாட்டவும் இடமுண்டு, ஆனால் நானோவில் தடித்த டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை நுழையாது. சப்ளையை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். டெம்பிள் ஆடியோ என்று கனடா நாட்டு போர்டு ஒன்று இருக்கிறது; பெயரைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். முழுக்க ஓட்டை போட்ட தகடு, பெடலுக்கு அடியில் ஒட்டும் பிளேட்டை அதில் திருகி மாட்டலாம். பெடல்களை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு அது சுகம். பாஸ் பிசிபி-60 மாதிரி பிளாஸ்டிக் பெட்டி வகைகள் பவரும் மூடியும் சேர்ந்தே வரும், ஆனால் வா-வா மாதிரி நீளமான பெடலுக்கு அவற்றில் இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். எனக்குப் பிடித்ததில்லை.

ஆசாரி அடிக்கும் போர்டுக்கு என் ஓட்டு. 24க்கு 12 அங்குலத்தில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றரை கிலோவுக்குள் வரும். பின்பக்கம் மூன்று அங்குலம் உயர்த்தி, நடுவில் கேபிள் இறங்க இரண்டு நீளத் துவாரம், ஓரத்தில் கை நுழைய ஒரு துவாரம். பார்ட்டிக்கிள் போர்டு மட்டும் வேண்டாம், மழையில் ஒருமுறை நனைந்தால் அப்பளம் மாதிரி உப்பிவிடும். மரமே வேண்டாம் என்றால் ஜன்னல் ஃபிரேம் செய்யும் அலுமினியம் கடைக்குப் போங்கள். வெட்டி மிஞ்சிய சதுரக் குழாய் ஐந்து துண்டு, இரண்டு பக்கமும் எல் ஆங்கிள், பத்து ரிவெட். கிட்டத்தட்ட பெடல்ட்ரெய்ன் ரெடி. குறை என்ன? பை கிடைக்காது. மாதம் நான்குமுறை விமானத்தில் போகிறவர் ரெடிமேட் போர்டும் கெட்டியான கேஸும் வாங்கட்டும். 15 கிலோ லக்கேஜ் கணக்கில் கேஸும் சேரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவனுக்கு ஒரு பழைய டிராலி பை போதும்.

ஒட்டுவதில் ஓர் எச்சரிக்கை. வெல்க்ரோவின் பசை நம் வெயிலில் உருகும். மே மாதம் காரில் ஒரு மதியம் வைத்தால் போதும், பெடல்கள் வழுக்கிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், கையெல்லாம் கோந்து. பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. சைக்கிள் கடையில் பழைய செயின் வாங்கி, ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து, ஒரு துளையைப் பெடலின் அடித்திருகிலும் மறுதுளையைப் பலகையிலும் திருகுவது. அசையாது. பிளைவுட்டில்தான் இது முடியும் என்பது ஆசாரி போர்டுக்கு இன்னொரு மதிப்பெண்.

இவ்வளவும் வேண்டாம், ஒரு மல்ட்டி எஃபெக்ட்ஸ் வாங்கினால் தீர்ந்தது என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. மெல்லிசைக் குழுவில் ஒரே இரவில் முப்பது பாட்டுக்கு முப்பது சத்தம் வேண்டும் என்றால் அதுதான் சரி. ஒரு அடாப்டர், ஒரு பெட்டி, வீட்டுக்குப் போகலாம். அக்கா மகனுக்குக் குனிந்து குமிழைத் திருகுவதில்தான் சந்தோஷம்.

கடைசியில் அவன் பெடல்ட்ரெய்னுக்கு வைத்திருந்த பணத்தில் எட்டு அவுட்லெட் டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை ஒன்றை வாங்கினான். பலகையைப் பக்கத்துத் தெரு ஆசாரி ஒரு மதியத்தில் அடித்துக் கொடுத்தார். கொசு போய்விட்டது. ஆனால் முதல் ஞாயிறே மறுபடி ஃபோன். வா-வாவை மிதித்தால் மட்டும் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். சப்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வலது ஓரத்தில், சரியாக வா-வாவுக்குக் கீழே. வா-வாவுக்குள் இருக்கும் காயில், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தைப் பிக்கப் மாதிரியே இழுக்கும்; எத்தனை ஐசொலேட்டட் அவுட்லெட் இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. நான்கு திருகைக் கழற்றி சப்ளையை இடது ஓரத்துக்கு மாற்றச் சொன்னேன். பத்து நிமிடத்தில் சத்தம் நின்றது. வா-வாவுக்குக் கீழே பிளைவுட்டில் இப்போது நான்கு ஓட்டைகள் சும்மா இருக்கின்றன.